பட்டாணி ஒரு புத்தகத்தில், டி.என்.ஏ இன்னொரு புத்தகத்தில்: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

நான் நீலகிரி மாவட்டத்தில், கூடலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியல் நடத்தத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி நாள் நான் தவறாகத்தான் நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவி கேட்ட கேள்விதான் அதை எனக்குக் காட்டியது.

அன்று கரும்பலகையில், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எந்தெந்தச் சேர்க்கை வரலாம் என்று காட்டும் பன்னெட் கட்டம் போட்டிருந்தேன். தாயும் தந்தையும் கடத்திகள், அதாவது நோய்க்கான ஜீன் நகல் ஒன்று மட்டும் இருந்தும் நோய் வராதவர்கள். நான்கு கட்டங்கள். ஒன்றில் நோய், இரண்டில் கடத்தி, ஒன்றில் எதுவும் இல்லை. வகுப்பே தலையாட்டியது. மணி அடித்து எல்லாரும் போன பிறகு அந்தப் பெண் மட்டும் மேசைக்கு அருகில் வந்து நின்றாள். "டீச்சர், நாலுல ஒண்ணுக்குத்தானே வரும்? அண்ணனுக்கு வந்துருச்சு. அப்ப எனக்கும் தம்பிக்கும் வராதுல்ல?"

என்ன வந்தது என்று கேட்டேன். "அரிவாள் செல்" என்றாள். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை இரத்த நோய்.

அவளுடைய அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் என் வகுப்பில் படித்தவன். ஜூன், ஜூலை மழையில் குளிர் இறங்கினால் மூட்டு வலி, முதுகு வலி என்பான், வாரக்கணக்கில் வரமாட்டான். மழைக்குச் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஒரு முறை எல்லார் முன்னிலையிலும் அதைச் சொல்லியும் விட்டேன். அதே பையன் அந்த வருடத் திருப்புதல் தேர்வில் "கதிர் அரிவாள் இரத்தசோகையின் மூலக்கூறு அடிப்படையை விளக்குக" என்ற கேள்விக்கு, புரதத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற அமினோ அமிலம் வருகிறது என்று பிசகில்லாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினான். திருத்தியது நான்தான். விடைத்தாளில் இருந்த நோய் அதை எழுதியவன் உடம்பிலேயே இருந்தது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பள்ளியை விட்டுப் போன பிறகு ஒரு முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

இதை மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் எழுதவில்லை. இது எப்படி நேர்ந்தது என்று யோசித்தால், நாம் மரபியலைக் கற்றுக்கொடுக்கும் முறையிலேயே ஒரு வெட்டு இருப்பது தெரிகிறது. உங்களிடம் பேச வந்தது அந்த வெட்டைப் பற்றித்தான்.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் பட்டாணி தாவரவியல் நூலில் 'பாரம்பரிய மரபியல்' என்று வருகிறது. டி.என்.ஏ, படியெடுத்தல், மரபுக் குறியீடு எல்லாம் விலங்கியல் நூலில் 'மூலக்கூறு மரபியல்' என்று வருகின்றன. இரண்டு நூல், பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள், வெவ்வேறு மாதங்கள். மாணவர் மனத்தில் இவை இரண்டு பாடங்களாகவே தங்கிவிடுகின்றன. ஒன்றில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கட்டத்துக்குள் ஓடி விளையாடுகின்றன. மற்றொன்றில் டி.என்.ஏவின் நான்கு காரங்களைக் குறிக்கும் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகள் ஏணிப்படி போல நிற்கின்றன. உருண்டை விதைக்குக் கட்டத்தில் போடும் அந்தப் பெரிய 'ஆர்' என்பதே ஏ, டி, ஜி, சி எழுத்துகளால் ஆன ஒரு நீளமான துண்டுதான் என்று எத்தனை பேருக்குப் புரிந்திருக்கிறது? உங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "உருண்டை விதை ஏன் ஓங்கு பண்பு?" "உருண்டை ஓங்கு பண்பு என்பதால் சுருக்கத்தை மறைக்கிறது" என்று பதில் வரும். கேள்வியைத் திருப்பிப் போட்டதே பதிலாகிவிடும். நானும் பல வருடம் அதற்கு மதிப்பெண் போட்டேன்.

இதில் நம் கலைச்சொற்களுக்கும் பங்கு உண்டு. ஒரு நகல் இருந்தாலே வெளிப்படுவது ஓங்கு பண்பு, இரண்டு நகலும் சேர்ந்தால்தான் வெளிப்படுவது ஒடுங்கு பண்பு. ஓங்கு என்றதும் தமிழ்ப் பிள்ளையின் மனத்தில் உயர்ந்தது, வலியது என்று ஓடுகிறது. ஒடுங்கு என்றால் நலிந்தது, கொஞ்ச நாளில் இல்லாமல் போகப்போவது. அதனால் ஓங்கு பண்பு எல்லாரிடமும் இருக்கும், நல்லதாகவும் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். கையில் ஆறாவது விரல் இருப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது; அது எல்லாரிடமுமா இருக்கிறது? இரத்த வகைகளில் 'ஓ' ஒடுங்கு பண்பு. தென்னிந்தியாவில் அதிகம் பேருக்கு இருப்பது அந்த ஓ தான். சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று காட்டச் சொல்கிறேன்.

நான் இப்போது பட்டாணியைப் பாதியில் விடுவதில்லை. மெண்டல் இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் எண்ணிய விதைகள் 5474 உருண்டை, 1850 சுருக்கம். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. கட்டுரை அச்சானது 1866இல். அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் கிடைத்தது 1990இல், இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில். ஸ்டார்ச் சங்கிலியில் கிளை உண்டாக்கும் ஒரு நொதி உண்டு. சுருக்கப் பட்டாணியில் அந்த நொதிக்கான ஜீனின் நடுவே ஏறத்தாழ 800 கார இணைகள் நீளமுள்ள அந்நியத் துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்திருந்தது. நொதி வேலை செய்யவில்லை. ஸ்டார்ச் குறைந்தது, சர்க்கரை தேங்கியது. சர்க்கரை தண்ணீரை இழுத்ததால் விதை பச்சையாக இருக்கும்போது உப்பியது, காய்ந்ததும் தோல் மடிந்து சுருங்கியது. மெண்டல் விரலால் தடவிப் பார்த்த சுருக்கம் அதுதான்.

இதைச் சொன்ன பிறகு ஓங்கு பண்பு தானாகவே விளங்கிவிடுகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து கெடாத நகல் ஒன்று வந்தால் போதும். அது செய்யும் நொதியே விதையை உருண்டையாக்கப் போதுமானது. கெட்ட நகலை யாரும் அடக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அது அங்கேயே இருக்கிறது, உருப்படியான நொதியைச் செய்யாமல். இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கலப்பின விதையின் ஸ்டார்ச் மணிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். அவை உருண்டை விதையின் மணி போலவும் இருக்காது, சுருக்க விதையின் மணி போலவும் இருக்காது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கண்ணால் பார்த்தால் முழு ஓங்குத்தன்மை, நுண்ணோக்கியில் பார்த்தால் முழுமையற்ற ஓங்குத்தன்மை. ஒரே விதைதான், பார்க்கும் இடம்தான் வேறு. என் வகுப்பில் இந்த இடத்தில் ஒரு சின்ன அமைதி விழும். அந்த அமைதிக்காகவே இந்தப் பாடத்தை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து எழுத்துப் பிழைகள். மூன்று மூன்று காரங்களாகப் படிப்பது என்பதைத் தமிழிலேயே காட்ட முடியும். பலகையில் இப்படி எழுதுவேன்: அவள் மகன் நலம். மூன்று சொற்கள், ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் எப்போதும் மும்மூன்றாகத்தான் படிக்கும், இடைவெளி எங்கே என்று அதற்குத் தெரியாது. ஓர் எழுத்தை மாற்றினால்: அவள் மகள் நலம். வாக்கியம் ஓடுகிறது, ஆள் மாறிவிட்டார். ஓர் எழுத்தை எடுத்துவிட்டால், 'ம' போனால்: அவள் கன்ந லம். அங்கிருந்து கடைசி வரை எல்லாம் குழப்பம். பிள்ளைகள் சத்தமாகப் படித்துப் பார்த்துச் சிரிப்பார்கள். சட்டக நகர்வுத் திடீர்மாற்றம் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் மறக்க மாட்டார்கள்.

சிரித்து முடித்ததும் இரத்த வகைக்குப் போவேன். ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன்தான் ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கிறது. ஒரு ஜீனின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்போம். ஏ அல்லீல் தரும் நொதி சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி அல்லீல் தருவது வேறொரு சர்க்கரையை. பெரும்பாலான ஓ அல்லீல்களில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. 'அவள் கன்ந லம்' கதைதான். நொதி பாதியில் குலைந்துபோய் எதையும் ஒட்டுவதில்லை. இனி ஏ-யும் ஓ-வும் சேர்ந்தால் ஏன் ஏ வகை, ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஏன் இரண்டுமே தெரிகின்றன என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒட்டும் நொதி எது, ஒட்டாதது எது என்று பார்த்தால் போதும். இணை ஓங்குத்தன்மை என்ற சொல் அப்போது வெறும் வரையறையாக இருக்காது.

ஒரு துண்டு நுழைந்தது பட்டாணியில், ஓர் எழுத்து விழுந்தது ஓ வகையில். ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதுதான் அந்த அண்ணன் தங்கையின் கதை.

பதினோராவது குரோமோசோமில் பீட்டா குளோபின் ஜீன். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு சங்கிலிக்கான ஜீன் அது. அதில் ஜி.ஏ.ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி.டி.ஜி. 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. (நுட்பமான மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: தொடக்கக் குறியீட்டையும் சேர்த்து எண்ணினால் ஏழாவதாக அல்லவா வருகிறது? சரிதான். முதலில் வரும் மெத்தியோனின் பிறகு வெட்டப்படுகிறது, எஞ்சிய சங்கிலியில் அது ஆறாவது. அந்தக் கேள்வி கேட்டவரைப் பாராட்டுங்கள்.) குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்சுமை கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலின் தண்ணீரை வெறுக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் ஒரு ஹீமோகுளோபினின் வாலின் பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று கோத்து நீண்ட இழைகளாகின்றன. ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவ்வளவும் இழையாகத் திரண்டால் தட்டு போன்ற அணு அரிவாள் போல வளையாமல் வேறென்ன செய்யும்? அது நுண்குழாயில் போய்ச் சிக்கும். சிக்கிய இடத்துக்கு இரத்தம் போகாது. அந்தப் பையன் சொன்ன மூட்டு வலி அதுதான். குளிரும் உடலில் நீர் குறைவதும் வலியைக் கிளப்பிவிடும். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு பத்து இருபது நாளில் உடைந்துபோகிறது. அதனால் சோகை.

இதைக் கண்டறிந்த வரலாற்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், சொல்ல வேண்டும். 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் வளைந்த அணுக்களைப் பார்த்து எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் அந்த ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டார்கள். நோயாளியின் ஹீமோகுளோபின் வேறு வேகத்தில் நகர்ந்தது. மின்சுமை மாறியிருக்கிறது என்று அர்த்தம். கடத்தியின் இரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. ஒரு நோயை மூலக்கூறு நோய் என்று அவர்கள் அழைத்தது அப்போதுதான். 1956, 57இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அந்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் பரப்பிப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்க, ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. ஒரு ஜீனில் நேர்ந்த மாற்றம் ஒரு புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றும் என்று உலகம் முதன்முதலில் பார்த்தது அந்தப் புள்ளியில்.

இனி உங்கள் மாணவரிடம் கேளுங்கள்: அரிவாள் செல் அல்லீல் ஓங்கா, ஒடுங்கா? நோயை வைத்துச் சொன்னால் ஒடுங்கு, ஏனென்றால் கடத்திக்கு நோய் வருவதில்லை. பாலிங் மின்புலத்தில் ஓடவிட்ட அந்த முறையில் (எலக்ட்ரோபோரெசிஸ்) விழும் பட்டைகளை வைத்துச் சொன்னால் இணை ஓங்குத்தன்மை, இரண்டு பட்டையும் தெரிகின்றன. ஆக்சிஜன் மிகவும் குறைந்த நிலையில் அணுவின் வடிவத்தை வைத்துச் சொன்னால் நடுவில் எங்கோ நிற்கும். பட்டாணியில் பார்த்த அதே பாடம்தான், இப்போது மனித உடம்பில். இந்த ஒரே நோயை ஒழுங்காக நடத்தினால் இரண்டு நூல்களும் ஒட்டிக்கொள்கின்றன. வேண்டுமானால் ஜீன் ஒழுங்குமுறையையும் இதிலேயே சேர்க்கலாம். பிறந்த குழந்தைக்கு ஏன் நோய் தெரிவதில்லை? கருவில் இருக்கும்போது வேறொரு ஜீன், வேறொரு குளோபின். அது அணைந்து பீட்டா ஜீன் எழ ஆறு மாதம் பிடிக்கிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை அந்தப் பழைய கருவக ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த, டி.என்.ஏவை வெட்டி மாற்றும் கிரிஸ்பர் சிகிச்சை மாறிய எழுத்தைத் திருத்துவதே இல்லை. அணைந்த ஜீனை மீண்டும் எழுப்பிவிடுகிறது. பாக்டீரியாவில் ஜீன்கள் எழுவதையும் அணைவதையும் காட்டும் லாக் ஓபரானை மட்டுமே வைத்து ஒழுங்குமுறை நடத்தும் நமக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

எங்கள் மலையிலிருந்து ஒன்று. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் பதிவு செய்தது இந்த நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். இங்கே படிக்கும் பிள்ளைக்கு அது ஆப்பிரிக்க நோய் என்று மட்டும் சொல்லிக் கடப்பது எவ்வளவு பெரிய தவறு. அதே சமயம் இது 'அவர்கள் நோய்' என்ற பேச்சு வகுப்பில் எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்த அல்லீல் ஆப்பிரிக்காவில், அரேபியாவில், மத்தியதரைக்கடல் ஓரத்தில், மத்திய இந்தியாவில் என்று மலேரியா பல நூற்றாண்டுகள் ஆண்ட இடங்களில் எல்லாம் இருக்கிறது. கடத்திகளை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை என்பதை 1954இல் ஆந்தனி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். காட்டில் கொசுவோடு வாழ்ந்த முன்னோரின் பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றிய எழுத்து அது. ஒரு நகல் இருந்தால் காப்பு, இரண்டு நகல் சேர்ந்தால் நோய். பரிணாமப் பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நாலில் ஒன்று என்றதும் நாலு பிள்ளையில் ஒரு பிள்ளை என்று அவள் கணக்குப் போட்டாள். கட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான்கு கட்டம், நான்கு பிள்ளை. அப்படித் தோன்ற வைத்தது என் பலகை. அந்தக் கட்டம் குடும்பத்தின் படம் இல்லை, ஒவ்வொரு கருவும் புதிதாகத் தொடங்கும் சீட்டுக்குலுக்கல் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் இரண்டு துணிப்பையும் நான்கு புளியங்கொட்டையும் கொண்டுபோனேன். ஒவ்வொரு பையிலும் இரண்டு கொட்டைகள். அதில் ஒன்றில் மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு. ஒரு பை அம்மா, ஒரு பை அப்பா. பார்க்காமல் ஆளுக்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தால் ஒரு பிள்ளை. எழுதிக்கொண்டு கொட்டையைப் பையிலேயே திரும்பப் போட வேண்டும். அந்தத் திரும்பப் போடுவதில்தான் பாடம் இருக்கிறது. முதல் வரிசைப் பையன்களுக்கு முதல் இரண்டு முறையும் பொட்டு, பொட்டு என்றே வந்தது. "பை தப்பு டீச்சர்!" என்று கத்தினார்கள். பையைக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே இருந்தது அதே இரண்டு கொட்டைகள்தான். முன்பு என்ன வந்தது என்பது கொட்டைக்கு ஞாபகம் இருக்காது என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். நான் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு கணக்கு. இருவரும் கடத்திகளாக இருந்து நான்கு பிள்ளைகள் பெற்ற குடும்பங்கள் 256 இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக 81 குடும்பங்களில் ஒருவருக்கும் நோய் இருக்காது. 108 குடும்பங்களில் ஒருவருக்கு, 54இல் இருவருக்கு, 12இல் மூவருக்கு. ஒரு குடும்பத்தில் நால்வருக்குமே. 'நாலில் ஒன்று' என்று நாம் சொல்லும் அந்த நேர்த்தியான குடும்பம் பாதிகூட இல்லை. இந்த ஒரு வரிசை எண்களைப் பாடநூலில் போடுங்கள் என்று பாடநூல் எழுதுவோரைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். அவளுக்கு நோய் இல்லை என்பது தெளிவானால் நான்கு கட்டத்தில் ஒன்றை அடித்துவிடலாம். மீதி மூன்றில் இரண்டு கடத்தி. ஆக அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, பாதி இல்லை. கடத்தியாக இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, அது நோய் இல்லை. துணையாக வருபவரும் கடத்தியா என்று தெரிந்துகொண்டால் போதும். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு துளி இரத்தத்தில் தெரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். முதலில் கரைதிறன் சோதனை, அதில் சந்தேகம் வந்தால் எலக்ட்ரோபோரெசிஸ் போன்ற உறுதிச் சோதனை. பாலிங் செய்தது இன்று நம் ஆய்வகங்களில் தினசரி வேலை. நடுவண் அரசு 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்கு வைத்திருக்கிறது. கையில் சோதனை முடிவோடு வகுப்புக்கு வரும் மாணவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். அந்தத் தாளை அவர்களுக்குப் படித்துச் சொல்லப் போவது யார்? ஊரில் பலருக்கு மரபியல் தெரிந்த ஒரே ஆள் நீங்களும் நானும்தான்.

சொந்தத்தில் மணம் முடிப்பதைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பேசியாக வேண்டும். நம் வகுப்பில் மாமன் மகள், அத்தை மகன் பெற்றோர்களாக உள்ள பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனும் இருப்பார். ஒரு ஜீனின் இரண்டு நகல்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு முதலதில் 16இல் ஒன்று, இரண்டாவதில் 8இல் ஒன்று. ஒளிந்திருக்கும் ஒடுங்கு அல்லீல் இரட்டையாகச் சேர இது வழி செய்கிறது. இதைச் சொல்லுங்கள், ஆனால் அப்படிப் பிறந்தவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். தன் பெற்றோர் தவறு செய்துவிட்டார்கள் என்ற எண்ணத்தோடு எந்தப் பிள்ளையும் வீடு திரும்பக் கூடாது. பெண் குழந்தையாகப் பெற்றாள் என்று மருமகளைப் பேசும் வீடுகளுக்கு எக்ஸ், ஒய் பாடம் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு வரி போதும்: பிள்ளையை ஆணாக்கும் ஒய் குரோமோசோம் தகப்பனிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, நானே தவறி விழுந்த இடம். ஒரு வருடம் ஆர்வக்கோளாறில் "உங்க வீட்ல யாருக்காவது இருந்தா கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டேன். இரண்டு கைகள் பாதி எழுந்து அப்படியே இறங்கின. அன்று மாலை ஒரு தாய் வந்து, பொண்ணுக்கு வரன் பார்க்கிற வயசு வரப்போகுது டீச்சர், ஊர்ல பேச்சாயிடும் என்று சொல்லிப் போனார். கால்வழி வரைபடம் வரையச் சொல்லும்போது சொந்தக் குடும்பத்தை வரையச் சொல்லாதீர்கள். கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுங்கள். சொந்தக் கதையைச் சொல்ல விரும்பும் பிள்ளை மணி அடித்த பிறகு மேசைக்கு வரும். நாம் அங்கே இருக்க வேண்டும்.

வினாத்தாள் அமைப்போருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு பண்புக் கலப்பின் விகிதத்தைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இப்படி ஒன்றும் கேளுங்கள்: "அண்ணனுக்கு அரிவாள் செல் நோய் உள்ளது, பெற்றோருக்கு இல்லை. தங்கைக்கும் நோய் இல்லை. அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு என்ன? அவள் ஒரு கடத்தியை மணந்தால் முதல் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு என்ன?" மூன்றில் இரண்டு, பிறகு அதில் நாலில் ஒரு பங்கு, ஆக ஆறில் ஒன்று. இது பொதுத்தேர்வில் ஒரு முறை வந்தால் போதும், அடுத்த ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை நடத்துவார்கள். தேர்வில் வராததை நாங்கள் தாண்டிப் போகிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களுக்கு: அந்த இரண்டு பாடங்களையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்ள உங்களுக்குள் பேசி முடியும். எங்கள் பள்ளியில் தாவரவியல் ஆசிரியரும் நானும் நாலு வருடமாக அப்படித்தான் செய்கிறோம். பட்டாணியின் 800 கார இணைகளை அவர் சொல்லி முடிக்கும் நாளில் நான் அடுத்த பாடவேளையில் படியெடுத்தலைத் தொடங்குகிறேன்.

அந்தப் பெண் சோதனை செய்துகொண்டாள் என்று தெரியும். முடிவு என்ன என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேர்வு முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணனோடு பள்ளிக்கு வந்தாள். அவனிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் மழையைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்ல டீச்சர், எனக்கே தெரியாதே" என்றான். கிளம்பும்போது அந்த இரண்டு பையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். இந்த வருடத்துக்குப் புதிதாகத் தைத்து வைத்திருக்கிறேன். கொட்டையில் பொட்டு இன்னும் காயவில்லை.

அன்புடன்,
நீலகிரியிலிருந்து ஒரு விலங்கியல் ஆசிரியை